மூளையில் ரத்தக்கசிவு: '72 மணி நேரம் பார்க்கணும்' என்றால் என்ன பார்க்கிறார்கள்? ஐசியு நர்ஸ் கையில் இருக்கும் பராமரிப்புத் திட்டம்

"ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. இனி 72 மணி நேரம் பார்த்துட்டுத்தான் எதையும் சொல்ல முடியும்."

மூளையில் ரத்தக்கசிவோடு ஒருவரை ஐசியு-வில் சேர்த்த குடும்பம் பெரும்பாலும் கேட்கும் வாக்கியம் இது. சிலருக்கு ஆபரேஷனே இருக்காது; "மருந்துல வெச்சுப் பார்ப்போம்" என்பார்கள். எதைப் பார்க்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்பது மட்டும் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரம் போக, அந்தப் படுக்கை அருகே ராப்பகலாக நிற்பவர் நர்ஸ். அவர் கையில் ஒரு சார்ட் இருக்கும். அதில் மணிக்கு மணி எழுதப்படுவதுதான் அந்த நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம். அடிபட்ட மூளை மேலும் கெட்டுப்போகாமல் காப்பதில் பாதி வேலை அந்தச் சார்ட்டில்தான் நடக்கிறது.

சங்ககிரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சங்ககிரி என்றதும் 1805-ல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட மலைக்கோட்டை ஞாபகம் வரும். அதற்கு அடுத்து லாரி. சேலம் - கோவை தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி உரிமையாளர்கள், டிரைவர்கள், பாடி கட்டும் பட்டறைகள், டயர் கடைகள் என்று ஊரே சக்கரத்தின் மேல் ஓடுகிறது. பக்கத்தில் திருச்செங்கோட்டுக்குப் போனால் போர்வெல் ரிக் வண்டிகள். குமாரபாளையம், பள்ளிபாளையம், எடப்பாடி பக்கம் விசைத்தறி.

இந்த வட்டாரத்தில் மூளை ரத்தக்கசிவு இரண்டு வழியில் வீட்டுக்குள் நுழைகிறது. ஒன்று, நெடுஞ்சாலை விபத்தில் தலையில் அடி. இன்னொன்று சத்தமே இல்லாமல் வருவது: ரத்தக்கொதிப்பு. நேஷனல் பர்மிட் லாரியில் போனால் வீடு திரும்ப 20 நாள் ஆகும். எடுத்துப்போன பி.பி. மாத்திரை வழியிலேயே தீர்ந்துபோகும். தலைவலி வந்தால் ஒரு டீயோடு சரி. நைட் ஷிப்ட் தறி ஓட்டுபவர்கள் கதையும் ஏறக்குறைய இதேதான். பி.பி. இருப்பதே ரத்தக்குழாய் வெடித்த அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிய வருகிறது.

சங்ககிரியில் இருந்து கிழக்கே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மேற்கே அதே சாலையில் போனால் பெருந்துறையில் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எந்தப் பக்கம் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: சி.டி. ஸ்கேன் உடனே எடுக்க முடியுமா?

ஏனென்றால் ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டால் அது ரத்தக்குழாய் அடைப்பா, ரத்தக்கசிவா என்று வெளியில் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்தால், கசிவாக இருக்கும் பட்சத்தில் அது இன்னும் பெருகலாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுங்கள்' என்ற தகவலுக்கு எந்த மருத்துவ ஆதாரமும் இல்லை. புறா ரத்தம் தேய்ப்பதும் அப்படித்தான். 108-ஐ அழைப்பதும், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தையும், சாப்பிட்டு வந்த மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோவதும்தான் வீட்டில் செய்ய வேண்டிய வேலை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அந்த அட்டை ஒன்றே வைத்தியத்தை மாற்றிவிடும்.

எல்லா ரத்தக்கசிவும் ஒன்றா?

இல்லை. பி.பி. ஏறி மூளைக்குள்ளேயே குழாய் வெடிப்பது ஒரு வகை. குழாயில் பலூன் போல வீங்கிய இடம் உடைந்து, மூளையைச் சுற்றியுள்ள நீரில் ரத்தம் கலப்பது இன்னொரு வகை; 'வாழ்க்கையிலேயே இப்படி ஒரு தலைவலி வந்ததில்லை' என்பார்களே, அது பெரும்பாலும் இதற்கான அறிகுறி. அடிபட்டு மூளையின் உறைகளுக்கு இடையே ரத்தம் தேங்குவது மூன்றாவது. வயதானவர்களுக்கு லேசாக இடித்துக்கொண்டாலும் வாரக்கணக்கில் மெதுவாகச் சேரும். 2024 மார்ச்சில் ஈஷா நிறுவனர் ஜக்கி வாசுதேவ் நான்கு வாரம் போலத் தலைவலியோடு நடமாடிவிட்டு, மார்ச் 17-ம் தேதி டெல்லியில் மூளை அறுவை சிகிச்சை செய்துகொண்டது நினைவிருக்கலாம். பழைய கசிவோடு புதிய கசிவும் சேர்ந்திருந்ததாக அப்போது டாக்டர்கள் சொன்னார்கள். அதே மாதம் 27-ம் தேதி அவர் வீடு திரும்பினார்.

அதனால் 'அவருக்கு பத்தே நாள்ல சரியாச்சே, இவருக்கு ஏன் ஆகலை?' என்று ஒப்பிடுவதில் பயன் இல்லை. பெயர் ஒன்றுதான், இடம், அளவு, காரணம் எல்லாமே வேறு.

மூடிய பெட்டிக்குள் இடம் இல்லை

பராமரிப்பு எப்படி நடக்கிறது என்று புரிய ஒரு விஷயம் தெரிந்தால் போதும். மண்டை ஓடு விரியாத பெட்டி. உள்ளே மூளை, ரத்தம், மூளைநீர் என்று மூன்றே பொருட்கள். புதிதாக ரத்தம் கசிந்து இடத்தைப் பிடித்தால், மற்றவை ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒதுங்க முடியாத கட்டத்தில் உள்ளே அழுத்தம் எகிறும். மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். கடைசியில் மூளையே கீழ்நோக்கி நசுங்கி, மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதியை அழுத்தும்.

வெடித்த குழாயால் செத்த பகுதியை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனால் அதைச் சுற்றி உயிரோடு தத்தளிக்கும் பகுதி இருக்கிறது. அதைக் கெடுப்பவை அழுத்தம், காய்ச்சல், ஆக்சிஜன் குறைவு, சர்க்கரை ஏற்ற இறக்கம், வலிப்பு, தொற்று. நர்ஸின் திட்டம் முழுக்க இந்த இரண்டாவது அடியைத் தடுப்பதற்கானது.

திட்டம் என்றால் என்ன? நோயாளியை மதிப்பிடுவது, இவருக்கு என்ன ஆபத்து என்று எழுதுவது, இலக்கு வைப்பது, செய்வது, பலன் கிடைத்ததா என்று திரும்பப் பார்ப்பது. உதாரணமாக 'மூளைக்குள் அழுத்தம் கூடும் ஆபத்து' என்று எழுதினால், இலக்கு 'நினைவு நிலை குறையக் கூடாது, கண்மணிகள் சமமாக இருக்க வேண்டும்'. செய்ய வேண்டியது 'தலைப்பக்கம் 30 டிகிரி உயரம், கழுத்து நேராக, மணிக்கொரு முறை சோதனை'. நாலு மணி நேரம் கழித்து இலக்கு தப்பியிருந்தால் டாக்டருக்கு போன் போகும், திட்டம் மாறும். ஒருமுறை எழுதி ஃபைலில் வைக்கும் காகிதம் அல்ல இது.

15-க்கு எத்தனை?

ஐசியு-வில் அடிக்கடி காதில் விழும் சொல் 'ஜிசிஎஸ்'. கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் இருவரும் 1974-ல் வெளியிட்ட அளவுகோல் இது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6 என மொத்தம் 15. குறைந்தபட்சம் 3. எட்டும் அதற்குக் கீழும் வந்தால் நோயாளியால் தன் மூச்சுப்பாதையைத் தானே காத்துக்கொள்ள முடியாது. பெரும்பாலும் குழாய் போட்டு வென்டிலேட்டர் வைப்பார்கள்.

நர்ஸ் வந்து "அய்யா, கண்ணைத் திறங்க... கையை இறுக்கிப் புடிங்க" என்று சத்தமாகச் சொல்வதும், பதில் வராதபோது தோள்பட்டையை அழுத்தமாகக் கிள்ளிப் பார்ப்பதும் இதற்காகத்தான். பார்வையாளர் நேரத்தில் உள்ளே போகும் உறவினர்கள் சிலர் இதைப் பார்த்து, "தூங்கறவரை ஏனுங்க சிஸ்டர் இப்படி வலிக்கப் பண்றீங்க?" என்று சண்டைக்குப் போவதுண்டு. தூக்கமா, மயக்கமா என்று பிரித்தறிய வேறு வழி இல்லை. இரவு இரண்டு மணிக்கும் எழுப்பத்தான் செய்வார்கள்.

ஒரு எண் மட்டும் பெரிதாக எதையும் சொல்லாது. போன மணி நேரத்தில் 13, இப்போது 11 என்றால்தான் அது செய்தி. இரண்டு புள்ளி இறங்கினாலே டியூட்டி டாக்டரை எழுப்ப வேண்டும். அடுத்து டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்ப்பது. இரண்டும் ஒரே அளவா, வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா? இதுவரை சமமாக இருந்ததில் ஒன்று மட்டும் திடீரென விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றால் அது ஆபத்து மணி. கூடவே பி.பி. ஏறி, நாடித்துடிப்பு குறைந்து, மூச்சு தாறுமாறாகப் போனால் நேரம் நிமிடக் கணக்கில்தான் இருக்கிறது. வாந்தி, புதிதாக வரும் அமைதியின்மை, முன்பு அசைத்த கையை அசைக்காதது போன்றவை அதற்கு முன்பே வரும் சின்னச் சின்ன சாடைகள். அனுபவமுள்ள நர்ஸ்கள் இவற்றை மானிட்டர் கத்துவதற்கு முன்பே பிடித்துவிடுவார்கள்.

முதல் மணி நேரம்: பி.பி., சர்க்கரை, காய்ச்சல்

ரத்தக்கசிவு ஒரே நொடியில் நடந்து முடிவதல்ல. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு முதல் சில மணி நேரங்களில் அது மேலும் பெருகுகிறது. அதனால்தான் பி.பி.யை வேகமாகக் கட்டுக்குள் கொண்டுவரப் பார்க்கிறார்கள். மேல் அளவு 150-ல் இருந்து 220 வரை உள்ளவர்களுக்கு, கசிவு மிதமாக இருந்தால், 140-ஐ இலக்காக வைத்து 130-க்கும் 150-க்கும் இடையே நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்க இதய சங்கத்தின் 2022 வழிகாட்டுதல். சடாரென்று மிகவும் இறக்கினாலும் ஆபத்து. மூளைக்கு ரத்தம் போதாது. சிரிஞ்ச் பம்பில் மருந்தை அரை அரை புள்ளியாகக் கூட்டிக் குறைத்து அந்த இடைவெளிக்குள் நிறுத்தும் வேலை நர்ஸுடையது.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. இன்டராக்ட்-3 என்ற ஆய்வு 2023-ல் லான்செட் இதழில் வெளியானது. 10 நாடுகளில் 121 மருத்துவமனைகள், 7,036 நோயாளிகள். இந்தியாவும் இலங்கையும் அதில் உண்டு. புது மருந்து எதுவும் சோதிக்கப்படவில்லை. பி.பி.யை ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு சர்க்கரையை 110 முதல் 140 வரையிலும், இருப்பவர்களுக்கு 140 முதல் 180 வரையிலும் வைப்பது, உடல் வெப்பத்தை 37.5 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 99.5 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் விடாதது, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டவர்களுக்கு அதன் விளைவை முறிப்பது. இவற்றைத் தனித்தனியாக அல்லாமல் ஒரே தொகுப்பாகச் செய்தபோது, மோசமான முடிவுகள் குறைந்தன.

அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவில் செவிலியர் பேராசிரியர் சாண்டி மிடில்டன் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாத சிகிச்சைப் பிரிவுகள். காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் என்று மூன்றை மட்டும் நர்ஸ்கள் கறாராகக் கவனிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். 90 நாள் கழித்து, இறந்தவர்களும் பிறர் உதவி இல்லாமல் வாழ முடியாதவர்களும் சேர்ந்து, பயிற்சி பெற்ற பிரிவுகளில் 42 சதவீதம். மற்றவற்றில் 58 சதவீதம். 2011-ல் வெளியான அந்த முடிவைப் பார்த்த பிறகு, தெர்மாமீட்டர் வைப்பதைச் சின்ன வேலை என்று சொல்வது கஷ்டம்.

அந்த ஒரு மடக்குத் தண்ணீர்

இந்த மூன்றில் நம் ஊர்க் குடும்பங்கள் அதிகம் தவறுவது விழுங்கும் விஷயத்தில்தான். பாசம்தான் காரணம். மூன்று நாள் பட்டினியாகக் கிடக்கிறாரே என்று ஒரு மடக்கு இளநீர், அரை டம்ளர் கஞ்சி, கோயில் தீர்த்தம்... நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் வாயில் ஊற்றிவிடுவார்கள்.

மூளை பாதிக்கப்பட்டவருக்கு தொண்டைத் தசைகள் சரியாக மூடாது. உணவுக்குழாய்க்குப் போக வேண்டியது நுரையீரலுக்குப் போகும். இருமல்கூட வராமல் போகலாம் என்பதுதான் கொடுமை. பார்ப்பவருக்கு நன்றாகக் குடித்தது போலவே தெரியும். இரண்டு நாளில் காய்ச்சல், சளி, நிமோனியா. அதனால்தான் விழுங்கும் சோதனை முடியும் வரை வாய் வழியாக மாத்திரைகூடக் கொடுப்பதில்லை. நோயாளி பட்டினியாகவும் இல்லை. பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே மூக்கு டியூப் வழியாக உணவு தொடங்கிவிடும். கொடுக்கும்போதும், கொடுத்த பிறகு குறைந்தது அரை மணி நேரமும் தலை உயர்ந்தே இருக்க வேண்டும்.

நுரையீரல் தொற்று எவ்வளவு பெரிய எதிரி என்பதற்கு நாடறிந்த ஒரு சம்பவம் உண்டு. முன்னாள் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மூளையில் இருந்த ரத்தக்கட்டியை அகற்ற அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு கொரோனாவும் இருந்தது. மூன்று வாரம் வென்டிலேட்டரில், ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தார். ஆகஸ்ட் 31-ம் தேதி மருத்துவமனை வெளியிட்ட அறிக்கையில், நுரையீரல் தொற்றால் செப்டிக் ஷாக் ஏற்பட்டிருப்பதாகச் சொல்லப்பட்டது. அன்றே காலமானார். தலையில் தொடங்கும் நோய் நெஞ்சில் முடிவது ஐசியு-வில் புதிதல்ல.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு தினமும் பல முறை வாயைச் சுத்தம் செய்வதும், சளியை உறிஞ்சி எடுப்பதும் அதற்காகத்தான். ஆனால் சளி உறிஞ்சும்போது இருமல் வரும், தலைக்குள் அழுத்தம் ஏறும். எனவே முதலில் ஆக்சிஜனைக் கூட்டிக் கொடுத்து, ஒரு தடவைக்கு 10 முதல் 15 நொடிக்குள் முடித்துவிட வேண்டும். உடம்பு துடைப்பது, புரட்டிப் போடுவது, சளி எடுப்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்து முடிக்காமல் இடைவெளி விட்டுச் செய்வதும் இதே காரணத்தால்தான். 'இப்பத்தானே வந்தீங்க, மறுபடியும் வர்றீங்க' என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில்.

கட்டிலை ஏன் தொடக் கூடாது?

சிலருக்கு மூளைநீர் வெளியேற தலையில் இருந்து மெல்லிய குழாய் போட்டிருப்பார்கள். அதன் அளவுகோல் நோயாளியின் காது மட்டத்துக்கு நேராக வைக்கப்பட்டிருக்கும். 'தலை தாழ்ந்திருக்குதே' என்று உறவினர் ஒருவர் கட்டில் கைப்பிடியைச் சுற்றினால், அந்த மட்டம் மாறிவிடும். நீர் தேவைக்கு மேல் வடியும். அல்லது வடியாமல் நின்றுபோகும். இரண்டுமே உயிருக்கு ஆபத்து. நோயாளியை அசைக்கும் முன் நர்ஸ் குழாயை அடைத்து, மட்டம் சரி செய்து, மறுபடி திறப்பார். தலையணையை மடித்து வைப்பதும் அப்படித்தான். கழுத்து ஒரு பக்கம் மடங்கினால் தலையில் இருந்து ரத்தம் இறங்கும் வழி நெருக்கப்படும்.

பலூன் போல வீங்கிய குழாய் உடைந்தவர்களுக்கு இன்னொரு காத்திருப்பு உண்டு. ஆபரேஷன் நன்றாக முடிந்து, நாலாவது நாள் பேசிக்கொண்டு இருப்பவர் ஏழாவது நாள் திடீரென்று குழறுவார். சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்வதால் வருவது இது. ரத்தம் கசிந்த மூன்றாவது நாளில் தொடங்கி இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும். நிமோடிபின் என்ற மருந்தை வழக்கமாக நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள் கொடுக்கிறார்கள். நள்ளிரவு டோஸ், விடியற்காலை டோஸ் எதையும் தவறவிடக் கூடாது. அதனால் 'நல்லாத்தான இருக்காரு, வார்டுக்கு மாத்துங்க' என்று அவசரப்படுத்தாமல் இருப்பது நல்லது.

மலச்சிக்கலுக்கு மருந்து கொடுப்பதுகூட இந்தத் திட்டத்தில் வரும். முக்கினால் தலைக்குள் அழுத்தம் கூடும். கண் முழுதாக மூடாதவருக்கு கண்ணில் களிம்பு போட்டு மூடி வைக்காவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண். ஏர் பெட் போட்டுவிட்டால் புரட்ட வேண்டாம் என்று நினைப்பது தவறு.

கால் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அசையாமல் கிடக்கும் காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். அதைத் தடுக்கத்தான் காற்று ஏறி இறங்கும் உறைகளைக் காலில் மாட்டுகிறார்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், எண்ணெய் போட்டு நீவிவிடக் கூடாது. உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். விளங்காத கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதும் வேண்டாம். தோள் மூட்டு நழுவிவிடும்.

கையைக் கட்டி வைப்பது கொடுமையா?

மயக்கம் தெளியும்போது பலர் டியூப்களைப் பிடுங்கப் பார்ப்பார்கள். கை கட்டப்பட்டிருப்பதைப் பார்த்தால் குடும்பத்துக்கு நெஞ்சு பதறும். நல்ல பராமரிப்பில் கட்டுவது கடைசி வழி. முதலில் ஏன் திமிறுகிறார் என்று பார்க்க வேண்டும். சிறுநீர் டியூப் அடைத்திருக்கிறதா, வலிக்கிறதா, ஆக்சிஜன் குறைகிறதா, அல்லது மூளைக்குள் அழுத்தமே கூடுகிறதா? காரணம் தெரியாமல் தூக்க ஊசி போட்டால், ஆபத்தின் முதல் அறிகுறியே மறைந்துபோகும். கட்டத்தான் வேண்டும் என்றால் அதற்கும் டாக்டர் உத்தரவு, நேரக் கணக்கு, ரத்த ஓட்டச் சோதனை உண்டு. குடும்பம் இதைக் கேட்கலாம், கேட்பது தப்பில்லை.

இங்கேதான் குடும்பம் உண்மையிலேயே உதவ முடிகிறது. தெரிந்த குரலுக்குத் திமிறல் அடங்குவது உண்டு. மயக்கத்தில் இருப்பவருக்கும் காது கேட்கலாம். அதனால் அவர் தலைமாட்டில் நின்று ஆஸ்பத்திரிச் செலவைப் பேசுவதைவிட, பேரன் பள்ளிக்கூடம் போன கதையைச் சொல்வது மேல்.

இத்தனையையும் ஒருவர் செய்ய முடியுமா?

வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் தீவிர சிகிச்சையில் எல்லோரும் ஏற்கும் அளவுகோல். மணிக்கொரு ஜிசிஎஸ், இரண்டு மணிக்கொரு புரட்டல், சர்க்கரை, சிறுநீர் அளவு, மருந்து, சார்ட் என்று கூட்டிப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஒருவர் நாலைந்து படுக்கை பார்க்க நேர்ந்தால் முதலில் விடுபடுவது, கண்ணுக்குத் தெரியாத அந்த 'கவனித்தல்'தான்.

தமிழ்நாட்டில் இது சம்பளப் பிரச்சினையோடும் பின்னிக் கிடக்கிறது. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் அரசுப் பணிக்கு எடுக்கப்பட்ட செவிலியர்கள் தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார்கள். பிறகு தொகை உயர்த்தப்பட்டாலும், பணி நிரந்தரம் கேட்டுப் போராட்டம் தொடர்ந்தது. கொரோனா காலத்தில் சேர்க்கப்பட்ட ஒப்பந்த செவிலியர்கள் 2,300-க்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு பணி நீட்டிப்பு நிறுத்தப்பட்டபோதும் தெருவில் இறங்கினார்கள். ஐசியு பயிற்சி ஒரு வாரத்தில் வருவதல்ல. கண்மணி அரை மில்லிமீட்டர் விரிந்ததைக் கண்டுபிடிக்கும் கண் பழகப் பழகத்தான் வரும்.

பணம் பற்றி ஒரு குழப்பம் பலருக்கு உண்டு. 2021 டிசம்பர் 18-ம் தேதி தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்துக் காயங்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கானது. பி.பி. ஏறி வந்த ரத்தக்கசிவுக்கு அது பொருந்தாது. அதற்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைத்தான் கேட்க வேண்டும்.

'கொண்டுபோயிருங்க' என்று சொன்னால்?

இதுதான் இருப்பதிலேயே கனமான கேள்வி. முதல் நாளே நம்பிக்கை இழந்து, "ஊட்டுக்கே கொண்டுபோயிரலாங்க, மண்ணுல போய்ச் சேரட்டும்" என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் உண்டு. கடன் வாங்கிய பணம் கரைவதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் முதல் நாளின் நிலையை வைத்து முடிவைக் கணிப்பது பல நேரம் தவறாகிவிடும். நோயாளி முன்பே வேறு விருப்பம் சொல்லியிருந்தால் தவிர, சிகிச்சையைக் குறைக்கும் முடிவைக் குறைந்தபட்சம் இரண்டாவது முழு நாள் வரையாவது தள்ளிவைக்க வேண்டும் என்று மேலே சொன்ன 2022 வழிகாட்டுதலே பரிந்துரைக்கிறது. மூளைச்சாவு என்பது வேறு. அதற்குச் சட்டப்படி தனிப் பரிசோதனைகள் உண்டு. ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவர் எல்லோரும் மூளைச்சாவு அடைந்தவர் அல்ல.

எல்லோரும் மீண்டுவிடுவதும் இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பெரிய கசிவு, அதிக வயது, மூளைத்தண்டில் பாதிப்பு என்றால் எவ்வளவு பார்த்தாலும் முடியாமல் போகலாம். அப்போது திட்டத்தின் இலக்கு மாறும்: வலி இல்லாமல், மூச்சுத் திணறாமல், சுத்தமாக, குடும்பம் பக்கத்தில் இருக்க. அதுவும் பராமரிப்புதான். அதையும் செய்வது நர்ஸ்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் ஆகும்போது பலருக்கு மூக்கு டியூப், சிறுநீர் டியூப், சில சமயம் தொண்டையில் துளை எல்லாம் அப்படியே இருக்கும். கிளம்பும் நாளில் அவசரமாகக் கேட்டுக்கொள்வதைவிட, இரண்டு நாள் முன்பே நர்ஸ் முன்னால் வீட்டில் பார்த்துக்கொள்பவர் தானே டியூப்பில் உணவு கொடுத்து, புரட்டிப் போட்டுப் பழகுவது நல்லது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் நடந்து 2017-ல் வெளியான அட்டெண்ட் என்ற ஆய்வில், உடற்பயிற்சி மறுவாழ்வைக் குடும்பத்தினருக்கே சொல்லிக்கொடுத்து அனுப்பியபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. குடும்பம் மட்டும் போதாது, பிசியோதெரபிஸ்ட் கை வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபி உண்டு. பகுதி சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதியச் சொல்லலாம்.

மறுபடியும் வாந்தியோடு தலைவலி, அரைத்தூக்கம், வலிப்பு, காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது. பி.பி. மாத்திரை தொடர வேண்டும். 'இப்ப நார்மலாயிருச்சு' என்று நிறுத்தினால் அடுத்த கசிவுக்கு வழி.

லாரிக்காரர்கள் ஐசியு-வில் இருந்து வெளியே வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எப்ப வண்டி எடுக்கலாங்க?" கைகால் சரியாகிவிட்டது மட்டும் போதாது. பார்வையின் ஒரு பாதி மறைந்திருப்பது சிலருக்குத் தெரியவே தெரியாது. ரத்தக்கசிவுக்குப் பிறகு வலிப்பு வரும் வாய்ப்பும் உண்டு. ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதிப் படிவத்திலேயே வலிப்பு, திடீர் மயக்கம் பற்றிய கேள்வி இருக்கிறது. அதற்கு 'இல்லை' என்று எழுதும் முன், நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை போய் வர வேண்டும்.